கத்தரிக்கோல் வைத்தியம்

நேற்று தெருமுனை மெடிக்கலில் இருமலுக்கு மாத்திரை கேட்டேன். தம்பி அட்டையை எடுத்தார், கத்தரிக்கோலை எடுத்தார், நறுக்கென்று நாலு மாத்திரை. காலாவதித் தேதி உள்ள முனை அவர் கையிலேயே தங்கிவிட்டது. கேட்டால், "அது கடைசியா வாங்குறவங்களுக்கு, சார்" என்கிறார். அந்தக் கடைசி ஆளை இந்த ஊரில் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

டாக்டரிடம் போக வேண்டியதுதானே என்று ஆரம்பிக்காதீர்கள். போன தடவை தும்மியபோது நீங்கள் போனீர்களா? நாமாகவே மருந்து சாப்பிடுவது என்று ஆனபின் அதைப் புத்தியோடு செய்ய மூன்று விஷயம் வேண்டும்.

முதலாவது, சாப்பிடுவது என்ன மருந்து என்று தெரிய வேண்டும். எங்கள் வீட்டு டப்பாவில் ஒரு துண்டு அட்டை கிடக்கிறது. வெட்டியது போக அதில் மிச்சம் '...ஸோல்' மட்டும்தான். பாண்டோபிரஸோல் என்றால் நெஞ்செரிச்சலுக்கு. அல்பெண்டஸோல் என்றால் குடற்பூச்சிக்கு. ஃபுளூகோனஸோல் என்றால் பூஞ்சைக்கு. மெட்ரோனிடஸோல் என்றால் சீதபேதிக்கு. கார்பிமஸோல் என்றால் தைராய்டுக்கு. லெட்ரோஸோல் என்றால் மார்பகப் புற்றுநோய்க்கு. மாமியார் நெஞ்செரிச்சல் கட்சி, மாத்திரை மஞ்சளாக இருக்கிறதாம். மைத்துனர் பூச்சி கட்சி, அவருக்கு ஊரில் எல்லா நோயும் பூச்சிதான். பக்கத்து வீட்டு அக்கா முகர்ந்து பார்த்துவிட்டுத் தைராய்டு என்றார். தூக்கிப் போடுங்கள் என்றால், காசு கொடுத்து வாங்கினதாச்சே என்கிறார்கள். எந்த நோய்க்குக் கொடுத்த காசு என்றுதானே கேட்கிறேன்!

பெயர் போனால் கணக்கும் போச்சு. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரலுக்கு ஆபத்து. 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு போட்டாலே 3.9 கிராம். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதை எந்தத் துண்டில் படிப்பது?

சிவப்புக் கோடு போட்ட அட்டையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்று 2016இல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் வெட்டுவதா, அந்தப் பக்கம் வெட்டுவதா என்பதோடு எங்கள் தெருவில் அந்த ஆலோசனை முடிந்தது.

இரண்டாவது விஷயம் அளவு. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மைத்துனர் மஞ்சள் மாத்திரையைப் பல்லால் கடித்துப் பாதியாக்கிவிட்டார். "எந்த நோயா இருந்தாலும் பாதி போகும்ல, மாமா?" என்கிறார். மூன்றாவதை இவருக்கு யார் சொல்வது?