மாரிக்குப்பத்துத் துரை

கோலார் தங்கவயலில் நான்கு பேர் கூடிப் பேசுகிற இடத்தில் அவர் ஒருவர் இருப்பார். ஆண்டர்சன்பேட்டையில் பார்த்தேன் என்று நீங்கள் சொன்னால், ராபர்ட்சன்பேட்டைக்காரர் ‘இல்லையே, எங்க தெருவுலதானே இருக்காரு’ என்பார். இருவர் சொல்வதும் உண்மை. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஏப்ரல் வெயிலிலும் கையில்லாத ஸ்வெட்டர். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் காலில் ஷூ. பேசுவது சுத்தமான வட ஆற்காட்டுத் தமிழ். முடிகிற இடத்தில் மட்டும் ஒரு ‘மேன்’ விழும்.

“இது இன்னா ஊரு தெர்மா தம்பி? லிட்டில் இங்கிலாந்து, மேன்!”

இப்படித் தொடங்கினால் குறைந்தது ஒரு மணி நேரம். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, கார்ன்வாலிலிருந்து சுரங்கக்காரர்கள் வந்தது, புகைபோக்கி வைத்த பங்களாக்கள், கிளப், கோல்ஃப் மைதானம் என்று வரிசையாக வரும். கார்ன்வாலைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் அது ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் நடுவே எங்கோ இருப்பதாகத் தோன்றும். அவர் பார்த்த மிகத் தொலைவான ஊர் வேளாங்கண்ணி.

மின்சாரத்தைப் பற்றி அவரிடம் தெரியாமல்கூடப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. 1902-ல் சிவனசமுத்திரத்துக் காவிரியிலிருந்து நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குத்தான் முதலில் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கு அதற்குப் பிறகுதான் வெளிச்சம். இதுவரை சரித்திரம். இதற்கு மேல் அவருடைய சொந்தச் சரக்கு: “ஆசியாவுலயே டோக்கியோவுக்கு அடுத்து நாமதான் தம்பி.”

“டார்ஜிலிங்ல 1897-லயே வந்துடுச்சே, அண்ணா?”

“அது மலை, மேன். ஊரா அது?”

இந்த வாதம் சூடு பிடிக்கும் நேரத்தில்தான் தெருவில் கரண்ட் போகும். அவர் அசர மாட்டார். “அப்ப போனதே கெடையாது” என்று இருட்டிலிருந்து குரல் வரும்.

அவருக்குக் காலம் இரண்டே இரண்டு: மைன் மூடுறதுக்கு முன்னே, மூடினதுக்கு அப்புறம். நடுவிலுள்ள கோடு 2001 பிப்ரவரி 28. கல்யாணம், காதுகுத்து, மூத்தவளுக்கு மஞ்சள்காமாலை வந்தது எல்லாம் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோதான். கோட்டுக்கு முந்தைய தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. தேன் மாதிரி இருந்ததாம். பிந்தைய தண்ணீர் லாரியில் வருகிறது. இங்கிலாந்து பற்றிய உரை உச்சத்தில் இருக்கும்போது உள்ளேயிருந்து வீட்டம்மா குரல் கொடுப்பார்: “லாரி வந்துகினு இருக்குது, கொடத்த எடு!” துரை ஷூவோடு இரண்டு பிளாஸ்டிக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கிற பாக்கியம் நமக்குக் கிடைக்கும். வரிசையில் நிற்கும்போதும் விட மாட்டார். அந்தக் காலத்தில் வரிசையில் யாரும் முண்டியடிக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நிற்பவரைத் தள்ளுவார்.

2018-ல் ஊர்ப் பெயரிலேயே கன்னடப் படம் வந்தபோது அவருக்குப் பெருமையும் கோபமும் ஒன்றாக வந்தன. பெருமை, சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டை உலகமே பார்த்ததில். கோபம், அத்தனை பேரையும் கரி பூசி அழுக்காக்கியதில். “நாங்க இன்னா அப்பிடியா இருந்தோம்? தொரைங்க டை கட்டிகினு இருந்தாங்க, மேன்!”

இந்த இடத்தில்தான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். நாங்கள் என்று தொடங்கி, துரைகள் என்று முடிக்கிறாரே, இவர் அதில் யார்? அந்தக் கிளப்புக்குள் இவருடைய தாத்தா போயிருந்தால் தட்டு எடுக்கத்தான் போயிருப்பார். குடும்பம் இருந்தது லைனில்: மூங்கில் தட்டி வைத்த ஒற்றை அறை வீடுகளின் நீண்ட வரிசையில். தாத்தா, அப்பா, இவர் என்று மூன்று தலைமுறை கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. பாறையே சுடுகிற ஆழம் அது. ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் துண்டுத் தங்கம் ஒளித்திருக்கிறாயா என்று உடம்பு முழுக்கச் சோதனை. நுரையீரலில் தூசி படிந்து இருமியே போனவர்கள் ஒவ்வொரு லைனிலும் உண்டு. ஏர்பிளாஸ்ட் ஆனால், அதாவது ஆழத்தில் பாறை வெடித்தால், மேலே வீட்டில் பாத்திரம் உருளும். பெண்கள் எல்லாரும் ஷாஃப்டை நோக்கி ஓடுவார்கள். நம்மவர் சொல்லும் ஏர்பிளாஸ்ட் கதையிலோ உடைவது துரைசானியின் பீங்கான் கோப்பை.

ஊருக்கு நிஜமாகவே மார்தட்ட விஷயம் இல்லாமல் இல்லை. 1926-ல் அப்பாதுரையார் என்பவர், பௌத்தப் பண்டிதர் அயோத்திதாசர் நடத்திய ‘தமிழன்’ இதழை இந்தத் தங்கவயலிலிருந்துதான் மறுபடி கொண்டுவந்தார். சித்தார்த்த புத்தகசாலை இங்கே இருந்தது. பகல் முழுக்கப் பாறை வெட்டியவர்கள் ராத்திரி கூடிப் பௌத்தமும் பகுத்தறிவும் பேசினார்கள். 1930-ல் கைரேகை வைக்கச் சொன்ன கம்பெனியை எதிர்த்துச் சுரங்கமே வேலையை நிறுத்தியது. ஆம்பூர்ப் பக்கத்திலிருந்தும் குடியாத்தம் பக்கத்திலிருந்தும் பிழைக்க வந்த, சேரிக்காரர்கள் என்று ஒதுக்கப்பட்ட ஜனங்கள் செய்த காரியம் இது. எந்தக் கார்ன்வால்காரனும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதைச் சொன்னால் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, “அதெல்லாம் இருந்துச்சு தம்பி. எங்க தாத்தாகூட அந்தப் பேப்பரைச் சத்தமா வாசிப்பாராம், லைனே கூடி நின்னு கேக்குமாம்” என்பார். பத்து வினாடி நிஜமான மனிதர் ஒருவர் தெரிவார். உடனே, “ஆனா டோக்கியோவுக்கு அடுத்து...” என்று திரும்பிவிடுவார். வீட்டுப் பட்டா என்ன ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள், டோக்கியோவும் வராது. எழுந்து ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார், லாரித் தண்ணீர்தான்.

அவர் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறார்கள். லிட்டில் இங்கிலாந்தை வெளிச்சத்தில் பார்க்க அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் அவரிடம் இங்கிலாந்தைப் பற்றிக் கேட்காதீர்கள். அது கேட்காமலேயே வரும். தாத்தா எந்த லைனில் இருந்தார், அந்தப் பேப்பரை எங்கே நின்று வாசிப்பார் என்று கேளுங்கள். முதலில் மழுப்புவார். விடாமல் இன்னொரு டீ சொல்லுங்கள். மாரிக்குப்பத்தில் கடைசி ரயில் போய்விட்டாலும் பயமில்லை. பங்காருப்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கே ராத்திரியிலும் வண்டி உண்டு.