கயிறு கைவிட்டால்?

கே: பழனி மலையில் 1966 முதல் கயிறு இழுக்கும் வின்ச் ரயில் ஓடுகிறது. இருந்தாலும் ஏறி உட்கார்ந்ததும், ‘கயிறு அறுந்தால்?’ என்று மனம் பதறுகிறதே! முருகன் பார்த்துக்கொள்ள மாட்டாரா?
– வாசகர், நாகல் நகர், திண்டுக்கல்

ப: உங்களை முருகன் பார்த்துக்கொள்வார். கயிற்றை யார் பார்த்தார்கள்?

கயிறு கைவிட்டால் கைகொடுக்க வேண்டியது தானியங்கி பிரேக். கயிறு விறைப்பாக இருக்கும்வரை விலகி நிற்கும். தளர்ந்ததும் ஸ்பிரிங் விசையில் தானே தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். ஓட்டுநர் கைக்குக் காத்திருக்காது. 2025 செப்டம்பரில் லிஸ்பன் நகரில் இதேபோல் கயிற்றில் ஓடிய குளோரியா வண்டியில் கயிறு கழன்றது. ஊழியர் பிரேக் போட்டும் வண்டி நிற்கவில்லை. கயிறில்லாமல் வண்டியைத் தாங்கும் வலு அந்தப் பிரேக்குகளுக்கு இல்லை. 16 உயிர்கள் போயின.

அதனால் கயிறு, பிரேக் பராமரிப்புக்காக வின்ச் நிற்கும் நாளில் சலித்துக்கொள்ளாமல் படியேறுங்கள், ஐயா.