எரித்த கணக்கும் தின்ற கணக்கும்

எடை குறைக்கக் கிளம்பியவர்களை ஒரு கேள்வி படுத்தியெடுக்கும்: நடந்து எரித்த கலோரியைத் திரும்பத் தின்னலாமா, கூடாதா? எனக்கு அந்தச் சிக்கலே வரவில்லை. தின்னலாம் என்று முடிவு செய்த பிறகுதான் நடக்கவே ஆரம்பித்தேன்.

ஊர் கேஜிஎஃப் என்கிற கோலார் தங்கவயல். சினிமாவில் பார்த்திருப்பீர்கள், அந்தத் தாடி மட்டும் எங்களுக்குக் கிடையாது. மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூர் வரை உட்கார்ந்து போய், ஆபீசில் உட்கார்ந்து, திரும்ப உட்கார்ந்து வந்தே காலம் ஓடிற்று. ஓய்வு பெற்றபின் வீட்டில் உட்காருகிறேன். எடை 80 கிலோ. டாக்டர் முறைத்தார், மகன் கலோரி காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டான்.

சாயங்காலம் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டோரம் ஒரு மணி நேர நடை. கடிகாரம் 280 என்று காட்டும். அதைப் பார்த்ததும் கால்கள் தானாக ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட் பக்கம் திரும்பும். இரண்டு உளுந்து வடை, சட்னி, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. சம்பாதித்ததைச் செலவழிக்கிறேன், யாருக்கு என்ன?

மகன் போனில் கணக்கைப் பிரித்து மேய்ந்தான். "அப்பா, அந்த 280ல ஒரு 80 நீ சோபால படுத்திருந்தாலே எரிஞ்சிருக்கும். நடந்ததுக்குன்னு பாத்தா 200தான். ரெண்டு வடையும் டீயும் 300ஐத் தாண்டும்பா." அதோடு விட்டானா? செல்போன் செயலியில் என்னைப் பற்றிக் கேட்டபோது 'சுறுசுறுப்பானவர்' என்று நான் தட்டி வைத்ததையும் கண்டுபிடித்தான். நடப்பவன் என்று நம்பி அது அன்றாடச் சாப்பாட்டு அளவை முன்பே கூட்டிக் கொடுத்திருக்கிறதாம். ஒரே நடைக்கு இரண்டு இடத்தில் சம்பளம்!

கடிகாரம் குறைத்துக் காட்டியிருக்கலாமே என்றேன். 2017ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஏழு கைக்கருவிகளைச் சோதித்தார்களாம். நாடித்துடிப்பைப் பெரும்பாலானவை சரியாகச் சொல்லின. கலோரியில் நல்ல கருவியே 27 சதவீதம் பிசகியது, மோசமானது 93 சதவீதம். அந்தப் பிசகு எனக்குச் சாதகமாக இருக்கக்கூடாதா என்ன?

கடைசி அஸ்திரமாக அப்பாவை இழுத்தேன். சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்டில் இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். அடியில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். ஷிஃப்ட் முடிந்து வந்தால் உள்ளங்கை கொள்ளாத ராகிக் களி உருண்டையைக் கருவாட்டுக் குழம்பில் புரட்டிப் புரட்டி விழுங்குவார். கடைசிவரை ஒல்லி. எங்கள் வம்சமே அப்படி என்றேன்.

"என்னங்க, மாமா பாறைய ஒடைச்சாரு, களி தின்னாரு. நீங்க காத்து வாங்கிட்டு வடை தின்றீங்க" என்றாள் மனைவி.

உண்மைதான். உடம்பை முறித்து வேலை செய்பவர், நீண்ட தூரம் ஓடுபவர் எல்லாம் எரித்ததைத் தின்றே ஆகவேண்டும். இல்லாவிட்டால் சோர்ந்து விழுவார்கள். மேட்டோரம் உலாத்துகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. தோண்டுகிற செலவு கிடைக்கிற தங்கத்தின் விலையை மிஞ்சியதால், ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிய சுரங்கத்தையே 2001 பிப்ரவரி 28ல் மூடினார்கள். 200 எடுக்க 300 செலவழிக்கும் என் கம்பெனி மட்டும் தினமும் திறந்திருக்கிறது.

இறுதியில் மகனும் மனைவியும் பேசி ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள்: செயலியில் 'உட்கார்ந்திருப்பவர்' என்று உள்ளதைச் சொல்ல வேண்டியது, நிஜமாகவே பசித்தால், கடிகாரம் காட்டுவதில் பாதி மட்டும் தின்னலாம். பாதி என்றால் ஒரு வடை. டீ சர்க்கரையில்லாமல்.

பாதியாவது மிஞ்சியதே என்றிருந்தேன். ஒருநாள் கடிகாரத்தை அவள் வாங்கிக் கட்டிக்கொண்டு துணி துவைத்தாள், மாடிப்படி ஏறி இறங்கிக் காயப்போட்டாள், சப்பாத்திக்கு மாவு பிசைந்தாள். கை ஆடியதையெல்லாம் நடை என்று எழுதிக்கொண்டே போனது அந்தக் கருவி. சாயங்காலத்துக்குள் என் 280 எங்கேயோ பின்தங்கிவிட்டது.

"பொய்க்கணக்கு" என்றேன்.

"உங்களுக்குக் காட்டினப்ப மட்டும் சத்தியமா?" என்றாள்.

இப்போது இரண்டு வடையும் அவளுக்கு. மார்க்கெட் வரை போய்ப் பார்சல் கட்டி வருவது என் வேலை. கடிகாரம் அவள் கையில் இருப்பதால் அந்த நடை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.