முழுப் பரீட்சைக் காலத்து அகத்திணை: பழனிமலை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்குப் பிள்ளையை வீட்டில் உட்காரவைத்துப் படிக்கவைப்பது அகமா, புறமா? தமிழாய்வுலகம் இந்த வினாவை எழுப்பாமலே இத்தனை காலம் இருந்துவிட்டது. சத்தத்தை வைத்துப் பார்த்தால் புறம்தான். தெருமுனை வரை கேட்கிறது. தோசைக்கரண்டி கைக்கு வரும் வீடுகளில் தும்பைத்திணை என்றே துணிந்து சொல்லலாம். ஆனால் அகத்தில் ஒருவர் பெயரையும் சுட்டக் கூடாது என்பது தொல்காப்பியர் விதி. பரீட்சை மாதத்தில் நம் வீடுகளில் பிள்ளையைப் பெயர் சொல்லி யார் கூப்பிடுகிறார்கள்? எருமை, தண்டச்சோறு, அப்படியே அவங்கப்பன் என்ற பொதுப்பெயர்களே வழங்குகின்றன. எனவே இது அகம்.

ஆய்வுக்களம் கொடைக்கானல் மூஞ்சிக்கல், நாயுடுபுரம் தொடங்கி வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் வரை. மலையும் மலைசார்ந்த இடமும் ஆதலால் திணை குறிஞ்சி. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

குறிஞ்சிக்குப் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். அரையாண்டுப் பரீட்சை மார்கழிக் குளிரில் வருவதால் இலக்கணம் அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. முழுப் பரீட்சைதான் பொருந்தவில்லை. அது ஏப்ரலில் வருகிறது. அப்போதுதான் சீசனும் தொடங்குகிறது. தகப்பனார் லாட்ஜிலோ டாக்சியிலோ சாக்லேட் கடையிலோ இருக்கிறார். ஏரியைச் சுற்றி ஹாரன் சத்தம். உயர்நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் மேலே வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வாங்கச் சொன்னார்கள். பாஸ் இல்லாமல் மலையேற முடியாது என்ற நிலை வண்டிக்குத்தான். பிள்ளைக்கு இல்லை என்பதைப் பின்னால் காண்போம்.

சிறுபொழுது யாமம், அதாவது இரவு பத்துக்கு மேல். களத்தில் கண்ட உண்மை: ஏழரைக்கே பிள்ளை கம்பளிக்குள் நுழைந்து, இரண்டு வரி படித்து, மூன்றாவது வரியில் குறட்டைக்குப் போய்விடுகிறான். யாமத்தில் விழித்திருப்பவர் தாய். சார்ட் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் நீர்ச்சுழற்சி வரைந்து, மேகத்துக்கு மட்டும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறார். இந்தச் சான்றை வாசகர் நினைவில் வைக்க வேண்டும்.

இனித் துறைகள். தலைவியை வீட்டுக்குள் அடைத்துவைப்பது இற்செறிப்பு. இங்கே மார்ச் பிறந்ததும் அது தொடங்குகிறது. டிவிக்குக் கேபிள் போகிறது, செல்போன் அரிசிப் பானைக்குள் போகிறது. சாயங்காலம் காட்டெருமை ரோட்டில் நிற்கிறது என்பது மற்ற மாதங்களில் டியூஷனுக்குப் போகாமலிருக்கப் பிள்ளை சொல்லும் சாக்கு. மார்ச்சில் அதுவே விளையாடப் போகவிடாமலிருக்கத் தாய் சொல்லும் காரணம். எருமை இரண்டு தரப்புக்கும் பாரபட்சமின்றி உதவுகிறது. நகருக்குள்ளேயே அது நிஜமாகவும் நிற்பதுண்டு என்பதால் யாரையும் பொய்யர் என்று சொல்வதற்கில்லை.

குறிஞ்சித் தலைவியின் வேலை தினைப்புனத்தில் கிளி ஓட்டுவது. தினை போய்ப் படிக்கட்டு வயல்களில் இன்று மலைப்பூண்டும் கேரட்டும் நிற்கின்றன. அன்று கிளியை ஓட்டிய குடும்பம் இன்று வீட்டிலேயே கிளி தயாரிக்கிறது. கைடில் உள்ளதை உள்ளபடி ஒப்பிக்க வேண்டும். கேள்வியின் வரிசையை மாற்றினால் கிளி பறந்துவிடும். ‘தமிழ்நாட்டிலுள்ள கோடை வாழிடம் ஒன்றின் பெயர் எழுதுக’ என்ற வினாவுக்குக் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்த பிள்ளை ‘ஊட்டி’ என்று எழுதிய தாளை இவ்வாய்வாளர் கண்ணால் கண்டார். கைடில் ஊட்டி. தாயும் டிக் போட்டிருந்தார்.

இன்னொரு வீட்டில் கேட்டது:

“தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்கும்?”

“நூறு.”

“நீ வச்சுப் பாத்தியாக்கும்?” இது அப்பத்தா. “இங்கன எவ்வளவு கொதிச்சாலும் பருப்பு வேகமாட்டேங்குதே.”

“அத்தை, நீங்க சும்மா இருங்க. அவன் குழம்பிருவான்.”

செவிலி இடத்திலிருக்கும் அப்பத்தாவின் கூற்றே அறிவியல்படி சரி. ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். குக்கருக்குக் கீழ்நாட்டைவிட ஒன்றிரண்டு விசில் கூடுதலாக வைப்பது அதனால்தான். ‘கடல் மட்டத்தில்’ என்ற இரண்டு சொற்களைக் கைடு விழுங்கிவிட்டது. ஆனால் 93 என்று எழுதுகிற பிள்ளைக்கு முட்டை மார்க், அப்பத்தாவுக்கும் அதே.

அறிவியல் பேச்சு வந்ததால் இன்னொன்று. கொடைக்கானல் வான்ஆய்வகத்தில் 1909-இல் வானியலாளர் எவர்ஷெட் ஒன்றைக் கண்டுபிடித்தார்: சூரியப் புள்ளியின் இருண்ட நடுப்பகுதியின் விளிம்பிலிருந்து வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது. அது எவர்ஷெட் விளைவு என்று உலகப் புகழ் பெற்றது. புத்தகத்தை நடுவில் வைத்தால் பிள்ளையின் கவனமும் அப்படியே எல்லாத் திசையிலும் வெளியே பாய்வதை அவர் காணவில்லை, சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைத்த செய்தியை ஒருவர் வழியாக ஒருவருக்கு உடைக்கும் அறத்தொடு நிற்றல் இன்றும் வரிசை மாறாமல் நடக்கிறது. ஏழு மார்க் வாங்கிய கணக்குத் தாளைத் தலைவன் மெத்தைக்கு அடியில் ஒளித்து, பக்கத்து வீட்டுத் தோழியிடம் மட்டும் சொல்கிறான். தோழி அப்பத்தாவிடம், அப்பத்தா தாயிடம், தாய் தந்தையிடம். தந்தை “நானும் அஞ்சாப்புல அப்படித்தான்” என்கிறார். இந்த இடத்தில் மட்டும் மரபு கெடுகிறது.

எதுவும் பலிக்காதபோது வெறியாட்டு. சங்கத் தாய் மகளின் மெலிவுக்கு முருகன்தான் காரணம் என்று வேலனை அழைத்தாள்; இன்றைய தாய், பழனியாண்டவருக்கு மொட்டை என்று நேர்ந்துகொள்கிறார். வேண்டுதல் தாயுடையது, முடி பிள்ளையுடையது. முறையியல் நோக்கில் இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலேயே நடத்தப்பட்ட தேர்வில் தோற்றவர்தான் பழனிமலையில் நிற்கிறார். கேள்வி, உலகைச் சுற்றி வா என்பது. இளையவர் கேட்டபடியே சுற்றினார். மூத்தவர் திருத்துகிறவர்களையே சுற்றினார். பழம் யாருக்கென்று முடிவு சொன்னவர்கள் பெற்றோர். மறுகூட்டல்கூடக் கேட்காமல் மலையேறியவரிடம் போய் மார்க் கேட்பது எவ்வகையில் பொருந்தும்?

இனி மையச் சிக்கல். இவ்வளவும் எதற்காக? கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தபோதே எட்டாவது வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றாயிற்று. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், தமிழக அரசும் அதே ஆண்டில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தது, வீடுகள் கிடுகிடுத்தன. 2020 பிப்ரவரி 4-இல் அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. மார்ச்சில் கொரோனா வந்து பள்ளிக்கூடத்தையே மூடியது. 2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளுக்கு விதியை மாற்றியபோதும், இங்கே பழையபடிதான் என்று மாநிலம் சொல்லிவிட்டது. அமராவதி நகர் சைனிக் பள்ளியின் ஆறாம் வகுப்பு நுழைவுத்தேர்வு போல உண்மையிலேயே ஆளை வடிகட்டுபவை சில உண்டு. அவற்றை எழுதுவோர் சிலரே. மற்றபடி, மாநிலப் பள்ளியில் ஐந்தாவது படிக்கும் பிள்ளை ஏப்ரலில் என்ன எழுதினாலும் ஜூனில் ஆறாவதில்தான் உட்காரப்போகிறான்.

பிள்ளைக்கு இது தெரியும். அவன் நிம்மதியாகத் தூங்குகிறான். ஆகவே தேர்வெழுதுபவர் அவனல்லர் என்பதே இவ்வாய்வின் துணிபு. பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மாரின் பேச்சு இதற்குச் சான்று: “நாளைக்கு எங்களுக்கு சயின்ஸ்.” “நாங்க இன்னும் மூணு பாடம் முடிக்கல.” இந்தத் தன்மைப் பன்மை பரீட்சை முடியும் வரை நீடித்து, தாள் திருத்திக் கைக்கு வந்ததும் மாறுகிறது. மார்க் குறைந்தால் “அவன் எழுதல” என்று படர்க்கை. நிறைந்தால் “நான் உக்காந்து சொல்லிக்குடுத்தேன்” என்று தன்மை ஒருமை. யாமத்தில் பஞ்சு ஒட்டியவர் அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை.

ஆய்வு எல்லைக்குள் ஒரே ஒரு கருப்பொருள் விடுபட்டது: பூ. குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. இந்த 2026 ஏப்ரலில் ஐந்தாவதை முடிக்கிற பிள்ளை அப்போது பத்தாவதில் இருப்பான். நாயுடுபுரத்தில் ஒரு தாய் இதை இப்போதே கணக்குப்போட்டு வைத்திருக்கிறார்.

“அந்த வருசம் பூப் பாக்கப் போறேன்னு யாரும் கிளம்பக் கூடாது. பூ 2042-லயும் பூக்கும். பத்தாவது திரும்ப வராது.”

“பெயிலாப் போனா அதுவும் வரும்ல” என்றார் அப்பத்தா.