எட்டுச் செருப்பு நீளத்தில் ஒரு மரம்

எதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டாலும் பத்துப் பேர் கையைத் தூக்குவார்கள். கிறிஸ்துமஸ் மரத்தின் கேஸ் இன்னும் விசேஷம். இதில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் செத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. பின்னால் வந்த பக்தர்கள்தான் அவர்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டிருக்கிறார்கள்.

முதல் ஆள் போனிஃபேஸ். இங்கிலாந்திலிருந்து ஜெர்மானியர்களுக்கு மதம் சொல்லிக்கொடுக்கப் போன துறவி. 723 வாக்கில் கெய்ஸ்மார் என்ற ஊரில், இடிக்கடவுள் தோனாருக்கு நேர்ந்துவிட்ட ஓக் மரத்தைக் கோடாலியால் ஒரு போடு போட்டார். இப்போது இடி விழும், சாமியார் பஸ்பம் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. விழுந்தது மரம்தான். அந்த இடத்தில் ஒரு சின்ன ஃபிர் கன்று நின்றதாம், இதுவே இனி உங்கள் மரம் என்றாராம் போனிஃபேஸ். அடேங்கப்பா! சிக்கல் என்னவென்றால், அவர் இறந்து கொஞ்ச வருஷத்திலேயே வில்லிபால்ட் என்ற பாதிரியார் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் ஓக் இருக்கிறது, கோடாலி இருக்கிறது, வெட்டிய கட்டையை வீணாக்காமல் ஒரு சிறிய ஆலயம் கட்டிய விவரம்கூட இருக்கிறது. ஃபிர் கன்றைத்தான் காணோம். அது நூற்றாண்டுகள் கழித்து, காட்டில் இல்லை, காகிதத்தில் முளைத்த கன்று.

அடுத்தவர் பெரிய ஆள், மார்ட்டின் லூதர். ஒரு குளிர் ராத்திரி வீட்டுக்கு நடந்து வரும்போது கிளைகளுக்கு நடுவே நட்சத்திரங்கள் மின்னியதைப் பார்த்து உருகிப்போனார், ஒரு மரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து மெழுகுவர்த்தி ஏற்றினார் என்பது கதை. 19ஆம் நூற்றாண்டு ஓவியர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு அவரை மரத்தடியில் உட்காரவைத்துப் படமே போட்டுவிட்டார்கள். படம் இருந்தால் போதாதா? ஆனால் மனிதர் சாப்பிட்டது, தும்மியது, திட்டியது எல்லாவற்றையும் கூட இருந்தவர்கள் குறித்துவைத்த காலத்தில், இந்த மரத்தை மட்டும் ஒருத்தர்கூடக் குறித்துவைக்கவில்லை.

இதைவிட வேடிக்கையான சாட்சி ஒருவர் இருக்கிறார். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து டான்ஹவர். லூதர் போய் நூறு வருஷத்துக்குப் பிறகு வந்த இறையியல் பேராசிரியர், அதுவும் லூதரன். 1640களில் எழுதிய புத்தகத்தில், வீட்டுக்குள் மரம் வைத்து அதில் பொம்மையும் மிட்டாயும் கட்டித் தொங்கவிடுகிறார்களே, வேதத்தை விட்டுவிட்டு இதென்ன சிறுபிள்ளைத்தனம் என்று புலம்புகிறார். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். தலைவர் ஆரம்பித்த வழக்கத்தைக் கட்சியின் தலைமைப் பேச்சாளரே யாரோ கிளப்பிவிட்டது என்கிறார். கேஸ் க்ளோஸ்.

தனி ஆள் போனால் என்ன, ஊர்கள் சும்மா இருக்குமா? லாட்வியாவின் ரீகா, நாங்கள்தான் ஃபர்ஸ்ட், 1510 என்று எட்டு மொழியில் கல்வெட்டே பதித்துவிட்டது. 2010இல் ஐந்நூறாவது ஆண்டு விழாவும் எடுத்தார்கள். பக்கத்து நாட்டு டாலினுக்குப் பொறுக்கவில்லை. எங்களுடையது 1441, உங்களுக்கு முன்னாலேயே நட்டாயிற்று என்று மல்லுக்கு நின்றது. இரண்டு ஊரிலும் சம்பந்தப்பட்டவர்கள் ஒரே கூட்டம்தான்: கருந்தலையர் சங்கம் என்ற கல்யாணமாகாத வியாபாரிகளின் குழு. மரத்தைத் தூக்கி வருவார்கள், சுற்றி ஆடுவார்கள், கடைசியில் கொளுத்துவார்கள். புனிதப் பாரம்பரியம் என்று இன்று இரண்டு தலைநகரங்கள் அடித்துக்கொள்வது, பேச்சுலர் பார்ட்டி ஒன்றின் காப்பிரைட்டுக்காக.

எனக்கு இவர்கள் யார் மேலும் நம்பிக்கையில்லை. நான் நம்புவது செலெஸ்டா என்ற அல்சாஸ் ஊரின் கணக்குப் புத்தகத்தை. 1521 டிசம்பர் பதிவு ஒன்று அங்கே இருக்கிறது. பண்டிகைச் சமயத்தில் மரங்களைக் காவல் காக்க வனக்காவலர்களுக்கு 4 ஷில்லிங் சம்பளம். அவ்வளவுதான். தேவதை இல்லை, நட்சத்திரம் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். காவலுக்கு ஊர்ப்பணம் செலவாகிறது என்றால், அதற்கு முன்னாலேயே எத்தனை பேர் இருட்டில் கோடாலியோடு காட்டுக்குள் போயிருக்க வேண்டும்! கிறிஸ்துமஸ் மரத்தின் முதல் நம்பகமான ஆவணங்களில் ஒன்று, திருட்டுக்குப் பயந்து போட்ட செக்யூரிட்டி பில்.

காவலாளியால் ஆகவில்லை போலிருக்கிறது. 1561இல் அதே அல்சாஸின் அம்மெர்ஷ்விர் ஊரில் ஆர்டரே போட்டார்கள்: கிறிஸ்துமஸுக்கு ஒரு குடிமகனுக்கு ஒரு மரம்தான், அதுவும் எட்டுச் செருப்பு நீளத்துக்கு மேல் போகக் கூடாது. அந்தக் காட்சியை நினைத்தாலே சிரிப்பு வருகிறது. அதிகாரி செருப்பைக் கழற்றி மரத்தின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்து அளக்கிறார். வீட்டுக்காரர், உங்கள் கால் சின்னது ஐயா, என் செருப்பால் அளங்கள் என்று தன்னுடையதை நீட்டுகிறார். இப்படி ஒரு சட்டம் வருகிறதென்றால் பக்கத்து வீட்டுக்காரனைவிட உயரமாக வைக்க வேண்டும் என்ற வியாதி அப்போதே முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அந்தக் கால மரத்தில் என்ன தொங்கியது தெரியுமா? 1605இல் ஸ்ட்ராஸ்பர்க் வந்த பெயர் தெரியாத ஒரு பயணி எழுதிவைத்திருக்கிறார்: காகித ரோஜா, ஆப்பிள், அப்பம், ஜிகினாத் தாள், மிட்டாய். முக்கால்வாசி தின்பண்டம். பண்டிகை முடிந்ததும் பிள்ளைகள் மரத்தை உலுக்கிக் கொள்ளையடிக்கலாம், அதுதான் வழக்கம். அதுவரை தினமும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து எச்சில் விழுங்கிய அந்தப் பிள்ளைகளின் பொறுமைக்குத்தான் முதலில் சிலை வைத்திருக்க வேண்டும்.

இங்கிலாந்துக்கு மரத்தைக் கொண்டுவந்தவர் விக்டோரியா ராணியின் புருஷர் ஆல்பர்ட் என்று எல்லோரும் சொல்வார்கள். பாவம், நல்ல மனிதர். மறுத்துச் சொல்ல மனசு வரவில்லை. ஆனால் 1800இலேயே விக்டோரியாவின் பாட்டி ஷார்லட் ராணி விண்ட்ஸரில் ஒரு யூ மரத்தைத் தொட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்கு விருந்து கொடுத்துவிட்டார். 1832இல் பதின்மூன்று வயது விக்டோரியா தன் டைரியில் விளக்கும் சர்க்கரைப் பொம்மையும் தொங்கிய மரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆல்பர்ட் மாப்பிள்ளையாக வந்தது 1840இல். மாப்பிள்ளை செய்த ஒரே வேலை, 1848இல் பத்திரிகைப் படத்தில் மரத்துக்குப் பக்கத்தில் அழகாக நின்றது. கிரெடிட் எப்போதும் போட்டோவில் நிற்பவனுக்குத்தானே!

அந்தப் படம் அமெரிக்கா போன கதை இன்னும் பிரமாதம். 1850இல் கோடீஸ் லேடீஸ் புக் என்ற பெண்கள் பத்திரிகை அதை அப்படியே எடுத்துப் போட்டது. அப்படியே என்றால், விக்டோரியாவின் கிரீடம் காணாமல் போனது, ஆல்பர்ட்டின் பட்டையும் மெடலும் போனது, பாவம், மீசையும் போனது. பார்த்தால் பக்கத்துத் தெரு அமெரிக்கக் குடும்பம். ராஜாக்களை விரட்டியடித்த நாடு ராஜா வீட்டு ஃபேஷன் வேண்டும், ராஜா வேண்டாம் என்றது. ஃபோட்டோஷாப் வருவதற்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு முன்னால் ஒரு மனிதனின் மீசையை டெலிட் செய்தார்கள்.

அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மரங்களைக் காப்பாற்றுவதற்காக வெள்ளை மாளிகையில் கிறிஸ்துமஸ் மரத்துக்கே தடை போட்டார் என்றும் ஒரு கதை உண்டு. 1902இல் அவர் பையன் ஆர்ச்சி ஒரு தச்சரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு பெரிய அலமாரிக்குள் ரகசியமாக ஒரு மரம் வைத்தது உண்மை. அப்பா அதைக் கடிதத்தில் எழுதிச் சந்தோஷப்பட்டிருக்கிறார், கோபப்பட்டதாகத் தெரியவில்லை. தடையும் சபதமும் பிற்காலப் பத்திரிகைகள் ஊதிய பலூன்.

விளக்கு விஷயத்துக்கு வருவோம். காய்ந்த மரத்தில் நெருப்பை ஏற்றி, கீழே வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு நின்று பாட்டுப் பாடுவதுதான் அதுவரை பக்தி. 1882இல் எடிசன் கம்பெனியின் எட்வர்ட் ஜான்சன் நியூயார்க் வீட்டில் 80 மின்விளக்குகளை, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மரத்தில் கட்டி, மரத்தையே மோட்டாரில் சுழலவிட்டார். பத்திரிகைக்காரர்களையும் வரச்சொன்னார். நியூயார்க் பத்திரிகைகள் இதெல்லாம் விளம்பர ஸ்டண்ட் என்று கண்டுகொள்ளவில்லை. டெட்ராய்ட் பத்திரிகை ஒன்றுதான் வாயைப் பிளந்து எழுதியது. விளம்பர ஸ்டண்ட் என்றது சரிதான்; தெருவெல்லாம் இன்று அந்த ஸ்டண்ட்தான் மினுக்குகிறது.

1950களில் அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் அலுமினிய மரம் விற்க ஆரம்பித்தார்கள். பளபளவென்று ராக்கெட் மாதிரி இருக்கும், ஆனால் அதில் மின்விளக்கைக் கட்டக் கூடாது, ஷாக் அடிக்கும். எனவே தரையில் கலர் சக்கரம் ஒன்றைச் சுற்றவிட்டு எட்ட நின்று பார்க்க வேண்டும். நம்மூரில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஃபிர்ருக்கு எங்கே போவது? சவுக்குக் கிளை ஒன்றை வெட்டி மணல் வாளியில் நட்டு, தலையணைப் பஞ்சைப் பிய்த்துப் பனி என்று மேலே போட்டால் முடிந்தது. வியர்வை சொட்டச் சொட்டப் பனி தூவும் கலையில் நம்மை அடிக்க ஆளில்லை.

ரஷ்யாவில் கதை வேறு. முதல் உலகப் போரின்போது 1916இல் திருச்சபையே, இது எதிரி ஜெர்மன்காரனின் பழக்கம் என்று ஒதுக்கியது. அப்புறம் வந்த கம்யூனிஸ்டுகள், இது திருச்சபையின் பழக்கம் என்று ஒதுக்கினார்கள். மரம் எந்தப் பக்கம் நின்றாலும் அடி. 1935 டிசம்பர் 28 அன்று போஸ்டிஷெவ் என்ற தலைவர் பிராவ்தாவில் ஒரு கடிதம் எழுதினார்: பணக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்ததை உழைப்பாளி பிள்ளைகளுக்கு ஏன் மறுக்க வேண்டும்? நாலே நாளில், புத்தாண்டுக்குள், அதே மரம் முற்போக்கு மரமாகிவிட்டது. உச்சியில் இருந்த பெத்லகேம் நட்சத்திரம் போய்ச் செந்நட்சத்திரம் ஏறியது.

இப்போதும் எந்த ஊர் மேயராவது பந்தாவாக மரம் வைக்கிறார் என்றால் ரோம் நகரத்தை நினைத்துக்கொள்வேன். 2017இல் ஆல்ப்ஸ் மலையிலிருந்து சுமார் 48,000 யூரோ செலவில் ஒரு பெரிய ஸ்ப்ரூஸைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊசியெல்லாம் உதிர்ந்து கிறிஸ்துமஸ் வருவதற்குள் மரம் செத்துப்போனது. ரோமாபுரி மக்கள் அதற்கு 'ஸ்பெலாக்கியோ', அதாவது சொட்டையன் என்று பெயர் வைத்து, திட்டித் தீர்த்து, அப்புறம் பாசம் பொங்கி அதற்கு அன்புக் கடிதமெல்லாம் எழுதி ஒட்டினார்கள். அடுத்த வருஷம் நகராட்சி உஷாராக நெட்ஃபிளிக்ஸை ஸ்பான்சர் பிடித்தது. லாரியில் ஏற்றுவதற்காகக் கிளைகளை அறுத்து, சதுக்கத்துக்கு வந்ததும் திரும்பப் பொருத்தினார்கள். மக்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: 'ஸ்பெட்சாக்கியோ'. முதல் வருஷம் சொட்டையன், அடுத்த வருஷம் ஒடிந்தவன்.