செட்டியல்: அரியாங்குப்பம் வழக்கை முன்வைத்து ஒரு தொடக்க ஆய்வு

ஆங்கிலத்தில் ‘செட்’ என்றொரு வினைச்சொல் உண்டு. மூன்றே எழுத்து. 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இரண்டாம் பதிப்பு இந்த மூன்றெழுத்துக்காகச் சுமார் 60,000 சொற்களைச் செலவழித்து 430 பொருள் கண்டது. அந்தப் பதிப்பின் மிக நீளமான பதிவு அதுதான். பின்னாளில் ‘ரன்’ என்ற சொல் 645 பொருளோடு வந்து முந்திக்கொண்டது. உட்காரவைப்பதைக் குறிக்கப் பிறந்த சொல்லை ஓட்டத்தைக் குறிக்கிற சொல் முந்தியதில் வியப்பில்லை.

இவ்வளவு பாடுபட்டவர்கள் புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் பக்கம் ஒரு நடை வந்திருக்கலாம். கடலூர் சாலையில் பேருந்துக்குக் காத்து நிற்கிற நேரத்துக்குள், அவர்கள் கேள்விப்படாத செட்டுகள் வரிசையாகக் காதில் விழுந்திருக்கும். அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் தோற்றம். இச்சொல் இவ்வூருக்கு வந்த வழி குறித்து அறிஞரிடையே மூன்று கட்சிகள் உள்ளன. (அறிஞர் என்றது, டீக்கடை பெஞ்சில் ஒரே பேப்பரை நான்காகப் பிரித்துப் படிப்போரை.) 1954 நவம்பர் 1 வரை இங்கே கொடி பிரெஞ்சுக்காரருடையது. போகும்போது பஞ்சாயத்துப் பலகையில் ‘கொம்யூன்’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படையில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவருக்குச் ‘சொல்தா’ என்ற பட்டத்தையும் தந்தார்கள். ஆனால் எத்தனை தலைமுறை ஆண்டும், செட் அளவுக்கு நாக்கில் ஒட்டிக்கொள்கிற வினைச்சொல் ஒன்றை அவர்களால் கொடுக்க முடியவில்லை. ஆங்கிலேயரோ 1690இல் கடலூரில் ஒரு கோட்டையை விலைக்கு வாங்கிக்கொண்டு தெற்கே காத்திருந்தார்கள். 1761இல் வந்து புதுச்சேரியை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். ஊரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் சொல்லைத் திருப்பி எடுக்க மறந்துவிட்டார்கள் என்பது முதல் கட்சி.

இரண்டாவது கட்சி, செட் என்பதே தமிழ் என்கிறது. ‘கட்டும் செட்டுமாகக் குடும்பம் நடத்தினாள்’ என்று கிழவிகள் சொல்வதில்லையா? செட்டு என்றால் சிக்கனம், அது நம்முடையது, வெள்ளைக்காரன் கப்பலேறி வந்து எடுத்துப்போனான் என்று இவர்கள் சாதிக்கிறார்கள். எடுத்துப்போனவன் அதற்கு 60,000 சொல் செலவழித்திருப்பதைப் பார்த்தால் சிக்கனத்தை மட்டும் இங்கேயே விட்டுவிட்டான் என்று தெரிகிறது. மூன்றாவது கட்சிக்காரர், சொல் மைக் செட் வழியாகத்தான் வந்தது என்கிறார்கள். எமக்கு இதில்தான் சாய்வு. காரணம் பின்னால் வரும்.

தொல்லியல் இதில் உதவாது. 1945இல் மார்டிமர் வீலர் இங்கே காக்காயந்தோப்பை ஒட்டிய அரிக்கமேட்டைத் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் வந்தன, இத்தாலியிலிருந்து வந்த சிவப்புப் பாத்திரங்களின் ஓடுகள் வந்தன. முழு செட்டாக ஒன்றும் வரவில்லை. ஆகவே ரோமானியர் காலத்தில் இவ்வூரில் செட் வழங்கியதற்குச் சான்றில்லை என்று எழுதி அந்த அதிகாரத்தை மூடிவிடலாம்.

இலக்கணத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் வினையாக இருந்த செட், தமிழுக்குள் நுழையும்போது தன் வினைத்தன்மையைச் செருப்பைப் போல வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருகிறது. ‘செட்டினான்’, ‘செட்டுவாள்’ என்று எவரும் சொல்வதில்லை. காலம் காட்டவும் பால் காட்டவும் நம்முடைய ‘ஆகு’வோ ‘பண்ணு’வோ துணைக்கு வந்தாக வேண்டும். ஆகு வந்தால் தன்வினை: ‘செட் ஆயிடுச்சு.’ பண்ணு வந்தால் பிறவினை: ‘செட் பண்ணிட்டான்.’ இரண்டும் ஒன்றல்ல. கல்யாணம் செட் ஆனால் பந்தக்கால் நடுவார்கள். சாட்சியை செட் பண்ணினால் வக்கீலைத் தேடுவார்கள். செட்டில் குற்றமில்லை, துணைவினையில்தான் எல்லாம் இருக்கிறது. ‘செட்டப்’ என்ற பெயர்ச்சொல் இந்தப் பண்ணு மரபின் முதிர்ந்த வடிவம். அதை விரித்தால் தேர்தல் காலம்வரை போகும் என்பதால் விடுகிறோம்.

பெயரெல்லாம் உள்ளே வந்த பின்னும் வராமல் நின்றுவிட்ட பொருள் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் சூரியனும் ‘செட்’ ஆகும். அரியாங்குப்பத்தில் ஆனதே இல்லை. இங்கே பொழுது சாயும், இறங்கும், போகும். பிரெஞ்சில் சூரியன் படுத்துக்கொள்ளும். ஆங்கிலேயர் தம் சாம்ராஜ்யத்தில் சூரியன் செட் ஆவதே இல்லை என்று பெருமை பேசிய நாட்களில், அது செட் ஆகாத இன்னோர் ஊர் பிரெஞ்சுக் கொடியின் கீழே சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

ஒப்பீட்டுக்குத் தாய் மொழியை எடுத்தோம். (தாய்லாந்து மொழி. தாய்மொழி என்று சேர்த்துப் படித்துக் கடிதம் எழுத வேண்டாம்.) இந்தத் தேர்வு ஆசையினால் வந்ததல்ல, உறவினால் வந்தது. அரிக்கமேட்டில் கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கிச் சின்னச் சின்ன மணி செய்தார்கள். அதே வகை மணிகள் தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் குவான் லுக் பட் என்ற இடத்தில் குவிந்து கிடந்தன. அந்தப் பெயருக்கே மணிமேடு என்றுதான் பொருள். தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்த பொற்கொல்லரின் உரைகல் ஒன்றும் அங்கே கிடைத்திருக்கிறது. ஆக, இரண்டு ஊருக்கும் கொடுக்கல் வாங்கல் பழையது.

அத்தனை உறவிருந்தும் தாய்லாந்துக்காரர் செட் விஷயத்தில் நம் வழிக்கு வரவில்லை. அலாரம் வைக்க அவர்களுக்குத் ‘தங்’. மேசையை ஒழுங்கு செய்ய வேறு சொல். பல பொருள் சேர்ந்த தொகுதிக்குச் ‘சுட்’. சூரியனுக்குத் ‘தொக்’, அதாவது விழு. சிமென்டுக்கு, உடல் கெட்டியாகிவிட்டது என்கிற மாதிரி ஒரு தொடர். தலைமுடி, கணக்குப் பாடம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் ஆங்கில செட்டையே கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பாத்திரம் வைத்துப் புழங்குகிற சுத்தமான குடும்பம். அரியாங்குப்பத்தில் ஒரே பாத்திரத்தில்தான் சமையல், அதிலேயே சாப்பாடு, ராத்திரி அதுவே தாளமும்.

இனி எண்ணிக்கை. ஒரு செட் என்பது எத்தனை? கடைக்குள் நுழைந்து ‘ண்ணா, ஒரு செட்டு’ என்றால் இலையில் இரண்டு பரோட்டா விழும், மேலே சால்னா விழும். எத்தனை என்று மாஸ்டர் கேட்பதில்லை, நீங்களும் சொல்வதில்லை. ஆனால் ரம்மி ஆட்டத்தில் மூன்று சீட்டுக்குக் குறைந்தால் செட் இல்லை, நான்குக்கு மேலும் இல்லை. முழுப் பல் செட் என்றால் மேலே 14, கீழே 14, ஆக 28. இந்த மூன்று செட்டும் ஒரே ஆளிடம் ஒரே மாலையில் கூடுவது உண்டு. எம் தகவலாளிகளுள் மூத்தவர், கையில் சீட்டோடு, எதிரே இலையோடு, வாயைப் பொத்தியபடி சொன்ன வாக்கியம் இது: ‘செட்டு சொல்லிட்டேன் தம்பி, ஆனா செட்டு இன்னும் செட் ஆகல.’ முதல் செட் பரோட்டா. இரண்டாவது பல். மூன்றாவது வினை. கூட உட்கார்ந்திருந்த எவருக்கும் உரை தேவைப்படவில்லை.

பள்ளிக்கூடக் கணக்கில் செட்டுக்குக் ‘கணம்’ என்று தமிழ் செய்திருக்கிறார்கள். குறை சொல்ல முடியாத மொழிபெயர்ப்பு. கணம் என்றால் கூட்டம், பூதகணம் என்கிறோமே. ‘அவன் எங்க அண்ணன் செட்டு’, ‘அந்த செட்டோட சேராத’ என்கிற வழக்கும் இதற்குள் அடங்கிவிடும். அப்படிப் பார்த்தால் மணக்குள விநாயகர் முதலாகக் கணபதிகள் எல்லாரும் செட்டுத் தலைவர்களே.

பம்பு செட்டில் மட்டும் ஆராய்ச்சி சறுக்குகிறது. பாகூர், வில்லியனூர் பக்கம் போய்ப் ‘பம்பு செட்ல குளிச்சிட்டு வர்றேன்’ என்கிறவர் மோட்டாரைச் சொல்கிறாரா, மோட்டார் இருக்கிற கொட்டாயைச் சொல்கிறாரா? ஆங்கில ‘ஷெட்’டும் இங்கே வாய்க்குள் நுழைந்ததும் ஷகரத்தைத் தொலைத்து செட் ஆகிவிடுகிறது. சைக்கிள் செட், மாட்டு செட் எல்லாம் இந்தக் கிளை. ஆகவே பம்பு செட்டுக்குள்ளே ஒரு பம்பு செட் இருக்கிறது. மோட்டார் திருடுபோனால் மட்டுமே இரண்டையும் பிரித்தறிய முடியும். எழுதிக்கொள்ளும் போலீஸ்காரர் விடமாட்டார்.

இனி மைக் செட். ஆடி பிறந்தால் கூழ் ஊற்றுகிறார்கள். வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்குத் துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிக்கிறார். ஆனால் ஆளுநருக்கும் கூழுக்கும் முன்னால் வந்து சேர்வது மைக் செட். தென்னை மரத்தின் பாதி உயரத்தில் ஒருவர் ஒரு காலை மடித்துக் கயிற்றில் ஊன்றிக்கொண்டு, இரண்டு குழாய்களை எதிரெதிர்த் திசையில் கட்டுகிறார். பல்லில் ஒரு ஒயர். கீழே பெஞ்சுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர், அதன்மேல் நனையாதிருக்க ஒரு துண்டு, பக்கத்தில் சீரியல் செட்டின் சிக்கலைப் பிரித்துக்கொண்டு ஒரு பையன். கொஞ்ச நேரத்தில் ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், பின்னாலேயே எல்.ஆர். ஈஸ்வரி. இதில் எது செட்? குழாயா, ஆம்ப்ளிஃபயரா, ஒயரா? ‘செட்டுக்கு டிபன் குடுத்தாச்சா?’ என்று விழாக் குழுவில் ஒருவர் சத்தம் போட்டபோது எமக்குத் தெளிந்தது. பையனும் மரத்தில் இருப்பவரும் செட்டில் அடக்கம். பல உறுப்பு சேர்ந்து ஒரு வேலை நடப்பது எதுவோ அது செட். ஒன்று கழன்றாலும் ஊர் அமைதியாகிவிடும். மூன்றாம் கட்சியின் பக்கம் யாம் சாய்ந்த இடம் இந்தத் தென்னை மரம்.

இந்தப் பொருளைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அரியாங்குப்பத்தின் தனிச்சொத்தான ‘செட் ஆகல’ விளங்கும். 430இல் இது இல்லை.

தரகர் டீக்கடையில் அமர்கிறார். ‘ண்ணா, பொண்ணு வூட்ல இன்னா சொன்னாங்க?’ ‘செட் ஆகலன்னுட்டாங்கப்பா.’ பையன் வீட்டார் தலையாட்டுகிறார்கள். டீ வருகிறது. அவ்வளவுதான். ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டது, எங்கேயும் ஒரு கீறல்கூட விழவில்லை. இதே சேதியைப் ‘பிடிக்கல’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே நான்காம் வேற்றுமை வந்து நிற்கும்: யாருக்குப் பிடிக்கல? பொண்ணுக்கா, அப்பனுக்கா, அந்த அத்தைக்காரிக்கா? ‘வேணாம்’ என்றால் ஏன் என்று வரும். ‘ஒத்துவரல’ என்றால் ஜாதகத்தைக் கேட்பார்கள். ‘செட் ஆகல’ என்பதிலோ எழுவாய் இல்லை, எது எதோடு செட் ஆகவில்லை என்கிற விவரம் இல்லை. மைக் செட்டில் எங்கோ ஒரு ஒயர் சேரவில்லை, மழை பெய்திருக்கும் என்கிற தொனிதான் இருக்கிறது. அடுத்த வாரம் தவளக்குப்பம் பேருந்தில் இரண்டு வீட்டாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போகலாம்.

வேலையை விட்டவன் ‘கம்பெனி செட் ஆகல’ என்கிறான். அவனை அனுப்பியவர் ‘பையன் செட் ஆகல’ என்கிறார். இரண்டும் உண்மை, இருவரும் நல்லவர்கள். வெளியூர்த் தண்ணீர், புது மருந்து, பக்கத்து வீட்டு மருமகள், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் இது ஒன்றே தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. கட்டடத் தொழிலில் மட்டும் இந்தச் சலுகை இல்லை. இந்தியத் தரநிலைப்படி சாதாரண சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் செட் ஆகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் முழுவதும் செட் ஆகிவிட வேண்டும். ஆகவில்லையென்றால் கொத்தனார் மூட்டையைத் திருப்பி அனுப்புவார். மாப்பிள்ளைக்கு இப்படியொரு காலவரையறையை எந்தத் தரநிலையும் வகுக்கவில்லை.

கடைசியாகச் ‘செட்டில்’. இதைச் செட்டு + இல் என்று பிரித்து, செட்டுக்குள் இருப்பது என்று ஏழாம் வேற்றுமை கண்டார் ஓர் அறிஞர். பிழை. ஆனால் அழகான பிழை. ஆங்கிலத்தில் இரண்டும் உட்காருதல் என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஊரில் செட்டில் என்றால் அரசு வேலை, சொந்த வீடு, அல்லது பிரான்ஸ். செட் ஆகாமலே செட்டில் ஆக முடியுமா? முடியும். பாரிஸிலிருந்து லீவில் வந்தவர் ஒருவர், ‘இருபது வருஷமா அங்கதான் செட்டில். குளிருதான் இன்னும் செட் ஆகல’ என்று சொல்லி மேல் பட்டனைத் திறந்துவிட்டுக்கொண்டார். மறுதலை குறித்த தரவு இதைவிடக் கடினமானது. காதல் கல்யாணம் பேச வந்த வீடு. பையனும் பெண்ணும் எப்படிப் பொருத்தம், எத்தனை வருஷப் பழக்கம் என்று பையனின் மாமா நெடுநேரம் சொல்லி முடித்தார். பெண்ணின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

‘ரெண்டும் செட் ஆயிடுச்சு, சரிங்க. தம்பி எப்ப செட்டில் ஆவுறாரு?’