சட்டைக் காலரைத் தொட்ட முடி

1972 தைப்பூசத்தின்போது என் அண்ணனின் தலைமுடி சட்டைக் காலருக்குக் கீழே அரை அங்குலம் இறங்கியிருந்தது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அந்த அரை அங்குலத்தைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சு எழாத நாளே இல்லை.

சிங்கப்பூரில், டன்லப் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அண்ணன் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். சுங்கை சாலைத் திருட்டுச் சந்தையில் லெட் ஜெப்பெலின் ராக் குழுவின் இரண்டாவது இசைத்தட்டைப் பழைய பொருள் விலைக்கு வாங்கி வந்திருந்தார். அதைப் போட்டுக் கேட்க எங்களிடம் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. கீழ்க்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் தன்னுடையதைத் தருவார். நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து கேட்போம். குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மா மேலேயிருந்து, "யாருக்குடா என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

நீண்ட முடிக்கு எதிரான இயக்கம் அப்போது தீவிரமாக நடந்துகொண்டிருந்தது. ஹிப்பிகளோடு போதைப் பழக்கமும் வந்துவிடும் என்று அரசாங்கம் அஞ்சியது. நெற்றியில் விழுந்து புருவத்தைத் தொட்டால், காதை மூடினால், சாதாரணச் சட்டையின் காலருக்குக் கீழே இறங்கினால் அது நீண்ட முடி. முடி வளர்த்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்ற சுவரொட்டியை, தலையின் படங்களோடு அரசாங்க அலுவலகங்களில் ஒட்டினார்கள். ஒருமுறை அண்ணனோடு ஒரு முகப்புக்குப் போயிருந்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த பதினொரு பேர் வேலை முடித்துப் போனார்கள். எண்ணிக்கொண்டே நின்றேன். அண்ணன் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

வேலைக்கு ஆபத்து வரும் என்று அப்பா பயந்தார். அம்மாதான் வழி கண்டுபிடித்தார். "முருகனுக்கு நேர்த்தி வச்சிருக்கேன், தேங்க் ரோடு கோயில்ல மொட்டை போடப்போறேன்னு சொல்லிடுப்பா." அண்ணன் மறுத்துவிட்டார். "சாமி பேரைச் சொல்லிப் பொய் சொல்ல மாட்டேம்மா. இது என் ஆசைக்கு வளர்த்த முடி."

பிப்ரவரியில் லெட் ஜெப்பெலின் சிங்கப்பூருக்கு வருவதாக இருந்தது. அண்ணன் மதியச் சாப்பாட்டைக் குறைத்து வெள்ளி சேர்த்தார். ஆனால் அவர்களை விமானத்தைவிட்டே இறங்க விடவில்லை. காரணம், முடி. பாடாமலே ஆஸ்திரேலியா போய், 16ஆம் தேதி பெர்த் நகரில் பாடினார்கள். விமான நிலையம் அப்போது பாய லேபாரில் இருந்தது. எங்கள் தெருவிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். உலகத்தின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள் என்பதை அண்ணனால் ஏற்கவே முடியவில்லை.

அந்த வாரமே அவர் போய் முடியை வெட்டிக்கொண்டு வந்தார். யாரும் சொல்லவில்லை. பின்கழுத்து வெளுத்துத் தெரிந்தது. அப்பா அன்று மீன் வாங்கி வந்தார். அண்ணன் சாப்பிடவில்லை.

அதே 1972இல் குழுவின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜும் பிளான்ட்டும் பம்பாய்க்குப் போய், அங்கிருந்த கலைஞர்களோடு ஒரு ஸ்டூடியோவில் தங்கள் பாடல்களை வாசித்துப் பார்த்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. "நம்ம ஆளுங்களோட வாசிச்சிருக்காங்க தம்பி" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். அதற்குள் 1980இல் டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் இறந்து, குழுவும் கலைந்துவிட்டிருந்தது. முடிக்கான தடை மட்டும் எளிதில் கலையவில்லை. 1984இல்கூட ஜப்பானிய இசைக்கலைஞர் கிட்டாரோவைத் திருப்பி அனுப்பினார்கள்.

2013 மார்ச் மாதம் ஃபோர்ட் கேனிங் பூங்காவில் ராபர்ட் பிளான்ட் பாடப்போகிறார் என்றதும் இரண்டு சீட்டு வாங்கினேன். அண்ணனுக்கு அறுபத்தொரு வயது. தலையில் முடி அநேகமாக இல்லை. லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினோம். அடுத்த நிறுத்தமே தோபி காட். நாற்பத்தொரு வருடம் காத்திருந்த தூரம் ஒரே ஒரு நிறுத்தம்.

பூங்கா இருக்கும் குன்றுக்கு மலாய்க்காரர்கள் வைத்த பழைய பெயர் புக்கிட் லாராங்கான், தடைசெய்யப்பட்ட மலை. அதன் சரிவில்தான், செங்கல்லுக்கு ஒரு வெள்ளி என்று மக்களிடம் திரட்டிய பணமும் சேர்ந்து எழுந்த தேசிய அரங்கம் இருந்தது. 1986இல் இடித்துவிட்டார்கள். எங்கள் பள்ளி ஆண்டுவிழாவை அங்கே பார்த்திருக்கிறேன்.

பிளான்ட் மேடைக்கு வந்தார். அறுபத்து நான்கு வயது. முகமெல்லாம் கோடு. முடி அப்படியே சுருள் சுருளாகக் காலருக்கும் கீழே, தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த முடி அனுமதி பெற்று இந்த மண்ணில் நிற்கிறது. காவலர்கள் கூட்டத்துக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பையன் ஒருவனின் முடி இடுப்புவரை இருந்தது, அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பழைய பாடல்களை அவர் பழைய மாதிரி பாடவில்லை. குரல் அந்த உச்சத்தைத் தேடிப் போகாமல் கீழேயே நின்று உருகியது. காம்பியா நாட்டுக் கலைஞர் ஒருவர் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை வில்லால் இழைக்க, எங்கள் படிக்கட்டில் கேட்ட அந்த ராக் இசை ஏதோ கிராமத்துத் திருவிழாவிலிருந்து வருவதுபோல மாறியது. எனக்கு அது அசலைவிடப் பிடித்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது இசைத்தட்டின் பாட்டு ஒன்று வந்தபோது மட்டும் திறந்தார்.

தேங்க் ரோடு பக்கமாக இறங்கினோம். தெண்டாயுதபாணி கோயில் நடை சாத்தியிருந்தது. 1973இல், சண்டைகள் வருகின்றன என்பதற்காகத் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை வந்தது. அதற்கு முந்தைய வருடம்வரை சிராங்கூன் சாலையிலிருந்து இந்த வாசல்வரை மேளத்தோடு காவடி வந்ததை நாங்கள் இருவரும் நடந்தே பார்த்தவர்கள். மேலே குன்றில் அத்தனை ஒலிபெருக்கிகள் முழங்கிய அந்த இரவில், கீழே இந்தச் சாலையில் காவடிக்கு ஓர் உறுமி கூட அடிக்க முடியாத நிலைதான் இருந்தது. குறிப்பிட்ட சில இடங்களில் வாசிக்கலாம் என்று 2016இல்தான் தளர்த்தினார்கள். பிளான்ட்டுக்காக மனம் நிறைந்திருந்த அதே நேரத்தில் இது எனக்கு வலித்தது, இன்றும் வலிக்கிறது.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, சாத்திய கதவின் முன் கைகூப்பி நின்றார். என்ன வேண்டினார் என்று நான் கேட்கவில்லை. திரும்பும்போது வலது கை தானாகப் பின்கழுத்துக்குப் போய், காலர் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்தது.

"தேக்காவுல டீ குடிச்சிட்டுப் போலாமா தம்பி?"

"போலாம்ணே."